ஒரு சன்னலும் ஒரு குறிப்பேடும்: வீட்டிலிருந்தே பருவமாற்றத்தைப் பதிவுசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

சென்ற ஆண்டு இதே வாரத்தில் இவ்வளவு புழுக்கம் இருந்ததா என்று வீட்டில் யாராவது கேட்டால், ஒருவர் இருந்தது என்பார், இன்னொருவர் இல்லவே இல்லை என்பார். இருவருமே உறுதியாகச் சொல்வார்கள். வானிலையைப் பொறுத்தவரை நினைவை நம்ப முடியாது. கடைசியாக அடித்த வெயிலே எப்போதும் மிகக் கடுமையான வெயிலாகத் தோன்றும். பருவம் மாறும் நாள்களில் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய அமைதியான பொழுதுபோக்குகளில் குறிப்பேடு எழுதுவதை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் இதுதான். நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். செலவு அநேகமாக இல்லை. வீட்டு வேலைகளை எந்த வாரத்தில் செய்வது என்ற கேள்விக்கும் அதுவே பின்னாளில் பதில் சொல்லிவிடும்.

கீழே உள்ள படிகளை வரிசையாகத் தொடங்கலாம்; ஆனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு படிகளும் நிழலும் ஒரு மாதத்தில் பழகிவிட்டால் மற்றவை தாமாகச் சேர்ந்துகொள்ளும்.

படி 1: ஒரே ஒரு சன்னலைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டில் எத்தனை சன்னல்கள் இருந்தாலும் பதிவுக்கு ஒன்றுதான் வேண்டும். அழகான காட்சியைவிட மாறாத காட்சியே முக்கியம். தொலைவில் அசையாமல் நிற்கும் ஏதாவது ஒன்று, ஒரு கூரையின் விளிம்போ கம்பமோ மாடிச்சுவரின் மூலையோ, அந்தச் சன்னலிலிருந்து தெரிய வேண்டும். சூரியனும் விண்மீன்களும் எவ்வளவு நகர்ந்தன என்பதற்கு அதுதான் அளவுகோலாக இருக்கப் போகிறது. கிழக்கு அல்லது மேற்கு நோக்கிய சன்னல் கிடைத்தால் நல்லது. சூரியன் எழும் அல்லது மறையும் இடம் ஆண்டு முழுவதும் இடம்வலமாக நகர்வதை அங்கிருந்து பார்க்கலாம். சன்னலுக்கு நேரெதிரே பக்கத்து வீட்டுச் சுவர் மட்டும் தெரிகிறதென்றாலும் வருந்த வேண்டியதில்லை. அந்தச் சுவரில் நிழல் எதுவரை ஏறுகிறது என்பதே ஓராண்டுக்குப் போதுமான பாடம்.

நிற்கும் இடத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அரை அடி தள்ளி நின்றாலே கம்பமும் அதன் பின்னால் மறையும் சூரியனும் ஒன்றுக்கொன்று விலகிவிடும். தரையில் ஓர் ஓட்டின் மூலையையோ சன்னல் சட்டத்தில் ஒரு திருகாணியையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, எப்போதும் அங்கிருந்தே பாருங்கள்.

படி 2: குறிப்பேட்டை அமையுங்கள்

நாள்தோறும் ஒரு புதிய பக்கம் எழுதுகிற நாட்குறிப்பு இந்த வேலைக்குப் பொருந்தாது. ஒரு தேதிக்கு ஒரு பக்கம் என 366 பக்கங்களை ஒதுக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் ஐந்து பட்டைகளாகக் கோடு போட்டுப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு பட்டையும் ஓர் ஆண்டுக்கு உரியது. இரண்டாம் ஆண்டில் எழுத உட்காரும்போது சென்ற ஆண்டின் அதே நாள் நேர் மேலே இருக்கும். தேடிப் புரட்ட வேண்டியதில்லை. ஒப்பீடு கண்ணில் தானாக விழுந்துவிடும். இடம் நான்கைந்து வரிகளுக்குமேல் இருக்காது என்பதும் ஒரு நன்மைதான். நிறைய எழுதத் தொடங்குபவர்கள் மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

பென்சிலால் எழுதுங்கள். மலிவான பேனா மைகள் பல ஈரம் பட்டால் கரைந்து ஓடும், வெளிச்சத்தில் வெளிறும். பென்சிலின் கிராஃபைட்டுக்கு இரண்டுமே நேராது. சன்னலோரத்தில் கிடக்கப் போகும் ஏட்டுக்கு அதுவே பொருத்தம்.

எதை எழுதுவது என்பதில் ஒரே ஒரு விதியைக் கறாராகப் பின்பற்றுங்கள்: கண்டதை எழுத வேண்டும், முடிவை அல்ல. ‘குளிர்காலம் தொடங்கிவிட்டது’ என்பது முடிவு. ‘காலை 6.40க்குக் கண்ணாடியின் உட்புறம் நீர் பூத்திருந்தது’ என்பது கண்டது. முதல் வரியை அடுத்த ஆண்டு எதனோடும் ஒப்பிட முடியாது, இரண்டாவதை ஒப்பிடலாம். நேரத்தையும் எண்ணையும் முடிந்தவரை சேர்த்துக்கொள்ளுங்கள். ‘நல்ல மழை’ என்பதைவிட ‘மாலை 4 முதல் 5.15 வரை மழை’ என்பது பத்து மடங்கு பயன்தரும்.

பலர் தவறவிடுகிற இன்னொன்றும் உண்டு. காணாததையும் எழுத வேண்டும். ஒரு பறவையை அக்டோபர் 12 அன்று முதன்முதலாகக் கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய பதிவு செப்டம்பர் 28 என்றால், இடைப்பட்ட இரண்டு வாரத்தில் அது எந்த நாளிலும் வந்திருக்கலாம். ‘அக்டோபர் 11: பார்த்தேன், இல்லை’ என்று ஒரு வரி இருந்துவிட்டால் 12ஆம் தேதிக்கு உண்மையான மதிப்பு வந்துவிடுகிறது.

படி 3: நிழலை அளந்து பாருங்கள்

இந்தப் படியில்தான் நீங்கள் அதிக நாள் தங்கப் போகிறீர்கள். பருவங்கள் மாறுவதற்குக் காரணம் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவு என்று இன்றும் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது சனவரி முதல் வாரத்தில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில். மிக விலகி நிற்பது சூலை முதல் வாரத்தில், ஏறத்தாழ 15.2 கோடி கிலோமீட்டரில். தொலைவுதான் காரணம் என்றால் உலகம் முழுவதற்கும் சனவரியில் கோடை வந்திருக்க வேண்டும். பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால், சூரியன் நண்பகலில் ஏறும் உயரமும் பகலின் நீளமும் நாளுக்கு நாள் மாறுகின்றன. பருவம் அதனால்தான் மாறுகிறது. இந்த உயரத்தை வீட்டிலேயே அளக்க ஒரு குச்சி போதும்.

முதலில் வீட்டுக்குள் செய்யக்கூடிய எளிய முறை. வெயில் தரையில் விழும் சன்னல் ஒன்றைப் பாருங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை, கடிகாரத்தில் ஒரே நேரத்தில், வெளிச்சத்தின் விளிம்பு எங்கே விழுகிறது என்று தரையில் காகித நாடாவின் சிறு துண்டை ஒட்டித் தேதியை எழுதுங்கள். நண்பகல் சூரியன் தாழ்ந்து செல்லும் மாதங்களில் வெளிச்சம் அறைக்குள் நெடுந்தூரம் வரும். உயர்ந்து செல்லும் மாதங்களில் சன்னலடியிலேயே நின்றுவிடும். கோடையில் பாதுகாப்பாக இருந்த புத்தக அடுக்கின்மீது குளிர்மாதங்களில் நேர்வெயில் விழுந்து, அட்டைகளின் முதுகு வெளிறிப்போவது இதனால்தான். வெயில் எந்தத் தேதியில் அலமாரியைத் தொடுகிறது என்று ஓராண்டு குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு அதற்கு ஒரு வாரம் முன்பே அதை நகர்த்திவிடலாம்.

இரண்டாவது முறைக்கு மொட்டைமாடியோ பால்கனியோ திறந்த முற்றமோ வேண்டும். தரைக்குமேல் சரியாக 30 செ.மீ. நிற்குமாறு ஒரு நேர்க்குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நண்பகலை ஒட்டிய ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்தால், மிகக் குறுகிய நிழல் எது என்று தெரிந்துவிடும். சூரியன் 45 பாகை உயரத்தில் இருந்தால் நிழலும் 30 செ.மீ.; 60 பாகையில் ஏறத்தாழ 17 செ.மீ.; 30 பாகையில் 52 செ.மீ. வட அகலக்கோடு 40 பாகையில் வசிப்பவர் சூன் 21ஐ ஒட்டி ஏறத்தாழ 9 செ.மீ., மார்ச் 20ஐயும் செப்டம்பர் 22ஐயும் ஒட்டி 25 செ.மீ., திசம்பர் 21ஐ ஒட்டி 60 செ.மீ. அளப்பார். தென்பாதியில் மாதங்கள் தலைகீழாகும்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சுவையான காட்சி கிடைக்கும். வட அகலக்கோடு 10 பாகையில் திசம்பர் நிழல் வடக்கே ஏறத்தாழ 20 செ.மீ. நீளும், பிறகு சுருங்கிச் சுருங்கி, சூரியன் நேர் உச்சிக்கு வரும் ஒரு நாளில் நண்பகலில் மறைந்துபோகும், சூனில் அதே நிழல் தெற்குப் பக்கம் 7 செ.மீ. தலைகாட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை நிழல் காணாமற்போகும் இந்த நாள்களைத் தவறவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

குறுகிய நிழலைத் தேடாமல் எப்போதும் கடிகாரத்தின் 12 மணிக்கே நுனியைக் குறித்துவந்தால் வேறொரு விந்தை நிகழும். சூரியனின் நண்பகலும் கடிகாரத்தின் நண்பகலும் ஆண்டு முழுவதும் ஒத்துப்போவதில்லை. சராசரியோடு ஒப்பிட்டால் நவம்பர் தொடக்கத்தில் சூரியன் ஏறத்தாழ 16 நிமிடம் முந்துகிறது, பிப்ரவரி நடுவில் ஏறத்தாழ 14 நிமிடம் பிந்துகிறது. எனவே பத்து நாளுக்கு ஒன்றாக வைத்த முப்பத்தாறு புள்ளிகளையும் ஆண்டின் முடிவில் இணைத்தால், மெலிந்த எட்டு வடிவம் ஒன்று தரையில் உருவாகியிருக்கும். கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகளில் வசிப்பவர்கள் அந்த மாதங்களில் 1 மணிக்குக் குறிக்க வேண்டும். இல்லையென்றால் எட்டு இரண்டாக உடைந்துவிடும்.

மேற்குச் சன்னல் இருப்பவர்கள் சூரியன் மறையும் இடத்தையும் ஒரு படத்தில் குறித்துவரலாம். அடிவானத்தை ஒருமுறை பென்சிலால் வரைந்து வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை அதன்மேல் தேதியை எழுதினால் போதும். பகலும் இரவும் சமமாகும் நாள்களை ஒட்டி, மறையும் இடம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரு சூரியவட்டத்தின் அகலத்துக்கு நகரும்; மிக நீண்ட பகலையும் மிகக் குறுகிய பகலையும் ஒட்டிய வாரங்களில் அது நின்றே விட்டதுபோலத் தோன்றும். சூரியனை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம். வட்டம் மறைந்த பிறகு அந்த இடத்தின் செம்மையைப் பார்த்துக் குறித்தாலே போதுமான துல்லியம் கிடைக்கும்.

படி 4: மழை, காற்று, மேகம்

மழைமானி செய்வது கால்மணி நேர வேலை. பக்கங்கள் நேராக உள்ள ஒரு பிளாஸ்டிக் புட்டியின் மேற்பகுதியை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனல்போலச் செருகுங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்குமாதலால், நேரான பகுதி தொடங்கும் இடம்வரை நீரை ஊற்றி அந்த மட்டத்தைச் சுழி எனக் கொண்டு, அங்கிருந்து மில்லிமீட்டர் அளவைக் குறியுங்கள். புட்டி சாயாமலிருக்க ஒரு மண்தொட்டிக்குள் வைத்துவிடலாம். வாயும் உடலும் ஒரே அகலமாக இல்லாத பாத்திரம் என்றால், சேர்ந்த நீரை அளவுகுவளையில் ஊற்றிக் கணக்கிட வேண்டும்: 10 செ.மீ. விட்டமுள்ள வாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ.; எனவே 7.85 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை என்பது சரியாக 1 லிட்டர் நீர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், மாடியில் பெய்தது எத்தனை குடம் என்பதுகூடக் கணக்கில் வந்துவிடும். அருகிலுள்ள சுவரின் உயரத்தைப்போல் இரு மடங்குத் தொலைவு தள்ளி வைப்பது நல்லது. அவ்வளவு இடம் பல வீடுகளில் இருக்காது. அப்படியானால் கிடைத்த இடத்திலேயே வையுங்கள், ஆனால் ஐந்தாண்டுகளுக்கும் அதே இடம்.

காற்றின் வேகத்துக்குக் கருவி தேவையில்லை. பிரித்தானியக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805-இல் வகுத்த அளவுகோல் கப்பற்பாய்களுக்காக எழுந்தது. பின்னர் அது தரைக்கும் ஏற்றவாறு விரிக்கப்பட்டது. புகை நேரே எழுந்தால் 0. இலைகள் சலசலத்தால் 2. இலையும் சிறு கிளையும் ஓயாமல் அசைந்தால் 3. தூசியும் காகிதமும் பறந்தால் 4. சிறு மரங்கள் ஆடத் தொடங்கினால் 5. திசைக்குத் தமிழில் ஒற்றைச் சொற்களே இருப்பது குறிப்பேட்டுக்கு மிகவும் வசதி: தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல். ‘வாடை 3’ என்று எழுதினால் இரண்டு செய்தி முடிந்தது. கோடை என்றால் வெயில்காலம் என்றுதான் இன்று நினைக்கத் தோன்றும் என்பதால், எண்ணை மறவாமல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

மேகத்தை எட்டுப் பங்கில் குறியுங்கள். வானத்தில் பாதி மூடியிருந்தால் 4.

படி 5: ஒரு மரம், ஒரு பறவை, ஓர் ஒலி

கண்ணில்படும் எல்லா உயிர்களையும் பதிவுசெய்ய முயல்வது இந்தப் பழக்கத்தைக் கைவிடுவதற்கான மிக விரைவான வழி. ஒரு மரமோ தொட்டிச்செடியோ, ஒரு பறவை, ஓர் ஒலி என மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மரத்தைப் பொறுத்தவரை இனம் மட்டும் போதாது, குறிப்பிட்ட அந்த ஒரு மரமேதான் வேண்டும். அருகருகே நிற்கும் ஒரே இனத்து மரங்கள் இரண்டு வாரங்கள் முன்னும் பின்னுமாகத் தளிர்ப்பது உண்டு.

நிலைகளைக் குறிக்க அறிவியலாளர்கள் எண்களைப் பயன்படுத்துகிறார்கள். தமிழில் எழுதுபவருக்கு அது தேவைப்படாது. இலைக்குக் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்றும், பூவுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்றும் சொற்கள் காத்திருக்கின்றன. வீ என்பது உதிரும் பூ, செம்மல் என்பது உதிர்ந்து வாடிய பூ. ஏழில் நான்கைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வரையறையைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவிடுங்கள்: எத்தனை பூ விரிந்தால் ‘மலர்’ என்று எழுதப் போகிறீர்கள்? நான் பரிந்துரைப்பது மூன்று. ஒரு பூ ஏதோ அவசரத்தில் முந்திக்கொண்டிருக்கலாம்.

இலை நிறம் மாறும் மரங்கள் உள்ள இடத்தில் வசிப்பவர்கள் வாரம் ஓர் இலையை எடுத்துக் காகிதத்தில் வைத்து அதன் ஓரத்தை வரைந்து, நிறத்தையும் தீட்டிப் பார்க்கலாம். இலையில் இருக்கும் மஞ்சள் புதிதாக வந்ததன்று. பகல் குறுகும்போது பச்சையம் சிதைந்து விலகுகிறது. அதுவரை அதன் மறைவில் இருந்த கரோட்டினாய்டு நிறமிகள் வெளிப்படுகின்றன. சிவப்பு மட்டும் பல மரங்களில் அந்த நாள்களில்தான் உண்டாகிறது. வறண்ட வெப்பப் பகுதிகளிலோ மரங்கள் குளிருக்காக அன்றி, நீர்ப்பற்றாக்குறையைத் தாங்குவதற்காக இலையை உதிர்க்கின்றன. அங்கே மண் காய்ந்த தேதியையும் சேர்த்து எழுதுவது பொருத்தம்.

இப்படிப்பட்ட பதிவுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் மரங்கள் தளிர்ப்பதையும் பறவைகள் வருவதையும் தம் நிலத்திலிருந்தே குறிக்கத் தொடங்கினார். அவருடைய வழிவந்தவர்கள் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். சப்பானின் கியோட்டோவில் செர்ரி மலர்ந்த நாள்கள் 9ஆம் நூற்றாண்டு முதல் பழைய நாட்குறிப்புகளில் கிடைக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் தட்பவெப்ப ஆய்வுக்கென்று எழுதவில்லை. பூப்பார்க்கச் சென்ற நாளைக் குறித்தார்கள். பூமி வெப்பமாவதை ஆராய்பவர்கள் இன்று அந்த வரிகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒலிக்குச் சுவர்க்கோழியைப் பரிந்துரைப்பேன். அது வெப்பம் கூடக் கூட விரைந்து ஒலிக்கும், குறையக் குறையத் தளரும். அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டோல்பேர் 1897-இல் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார். சூத்திரம் இனத்துக்கு இனம் மாறுமாதலால், உங்கள் வீட்டுச் சுவர்க்கோழிக்கு நீங்களேதான் ஒன்றை உண்டாக்க வேண்டும். பதினைந்து நொடியில் எத்தனை ஒலி என்று எண்ணி, பக்கத்தில் வெப்பநிலையை எழுதுங்கள்.

படி 6: இரவில் பத்து நிமிடம்

ஒரு விண்மீன் நேற்று உதித்ததைவிட இன்று ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். ஒரு நாளில் இது தெரியாது; ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரமாகிவிடும். படி 1இல் தெரிந்தெடுத்த கூரை விளிம்புக்கு மேலே ஒளிமிக்க ஒரு விண்மீன் தோன்றும் நேரத்தை வாரம் ஒருமுறை குறித்தால், வானமே ஒரு நாட்காட்டி என்பது கணக்காக விளங்கும். நவம்பர் நடுவில் கார்த்திகைக் கூட்டம் மாலையிலேயே கிழக்கில் எழுந்து இரவு முழுவதும் தெரியும். மே மாதத்தில் சூரியனின் ஒளிக்குள் மறைந்துவிடும். சனவரி, பிப்ரவரி மாலைகளில் திருவாதிரை செம்மஞ்சளாக ஒளிரும். சூலை மாலைகளில் செந்நிறக் கேட்டை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் வானத்தில் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் ஒன்று எழும்போது மற்றது விழும். கண் இருளுக்கு நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடமாகும். குறிப்பெழுத மங்கலான சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டால் பழகியது கெடாது. கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தால் மறுபடியும் முதலிலிருந்துதான்.

படி 7: வீட்டு வேலைகளைக் குறிப்பேட்டோடு இணையுங்கள்

பருவம் திரும்பும்போது வீட்டில் செய்யும் வேலைகளுக்குப் பொதுவாக நாட்காட்டித் தேதிதான் அடிப்படையாக இருக்கிறது. அது பெரும்பாலும் தவறான தேதி. கம்பளிகளை உள்ளே வைப்பதா, புத்தகங்களை வெளியே எடுத்துக் காற்றாட விடுவதா என்பதை முடிவுசெய்ய வேண்டியது காற்றின் ஈரம். மாதத்தின் பெயர் அன்று.

ஈரம் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொள்வது பயனுள்ளது. 30 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம். 10 பாகையில் 9 கிராம்தான். பகலில் 30 பாகையும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையின் காற்றில் 18 கிராம் நீர் இருக்கிறது. இரவில் ஒரு சுவர் 20 பாகைக்குக் குளிர்ந்துவிட்டால், அதைத் தொடும் காற்றால் அவ்வளவையும் வைத்திருக்க முடியாமல் ஒரு பகுதி சுவரிலேயே படிகிறது. வெளிச்சுவரை ஒட்டி வைத்த அலமாரியின் பின்புறத்தில் முதலில் பூஞ்சணம் பூப்பது இதனால்தான். ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்குமேல் நாள்கணக்கில் நீடித்தால் துணியிலும் தாளிலும் தோலிலும் பூஞ்சணம் வளரத் தொடங்கும். ராமபாணப் பூச்சிக்கும் அதே ஈரம்தான் பிடிக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து ஐந்து செ.மீ. தள்ளி வைப்பது எந்த மருந்தையும்விட நல்லது. சிறிய ஈரப்பதமானி ஒன்றை அலமாரிக்குள் வைத்து வாரம் ஒருமுறை எண்ணை எழுதிவந்தால், உங்கள் வீட்டில் ஈரம் ஏறும் வாரமும் இறங்கும் வாரமும் ஓராண்டிலேயே தெரிந்துவிடும். இறங்கிய பிறகு வரும் முதல் வறண்ட வாரமே புத்தகங்களைக் காற்றாட விடுவதற்கு உரியது. நேர்வெயிலில் வேண்டாம், நிழலில், நூலை நிற்கவைத்து, பக்கங்களை விசிறிபோல விரித்து.

துணிகளை அடுத்த பருவம்வரை எடுத்து வைப்பதில் கவனிக்க வேண்டியது தூய்மைதான். அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. அது நாடுவது கம்பளி, பட்டு போன்ற விலங்கிழைகளை, அதிலும் வியர்வையும் உணவுக்கறையும் பட்ட இடங்களை. எனவே ஒரே ஒருமுறை அணிந்த கம்பளியாக இருந்தாலும் துவைத்து, ஈரமே இல்லாமல் உலர்த்திய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். பருத்தித் துணியைக் கஞ்சி போடாமல் வையுங்கள், மாவுச்சத்து ராமபாணப் பூச்சியை அழைக்கும். ஏற்கெனவே பூச்சி இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், துணியைக் காற்றுப் புகாத பையில் கட்டி, கழித்தல் 18 பாகையில் உள்ள உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பை அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்கக் கூடாது, திறந்தால் துணிமீது நீர் படிந்துவிடும். அந்துருண்டையை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் ஆவி குழந்தைகளுக்கும், சில பரம்பரை இரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கும் தீங்கானது. அதன் மணமும் துணியைவிட்டு எளிதில் போகாது.

எடுத்து வைக்கும் முன் தைக்க வேண்டியவற்றைத் தைத்துவிடுங்கள். தளர்ந்த பொத்தான், பிரிந்த ஓரம், முழங்கையில் தேய்ந்த இடம். பகல் குறுகும் மாதங்களில் மாலை வேளைக்கு இதைவிட அமைதியான வேலை அரிது. எந்த ஆடைக்கு எதைச் செய்தீர்கள் என்று அன்றைய பட்டையில் ஒரு வரி எழுதினால், ஐந்தாண்டில் எந்தத் துணி உழைத்தது, எது ஏமாற்றியது என்ற கணக்கும் கையில் இருக்கும்.

படி 8: திரும்பிப் படித்து, உங்கள் பருவங்களுக்குப் பெயரிடுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஓய்வான மாலையில் எழுதியதை முதலிலிருந்து படியுங்கள். படிக்கும்போது ஒரு பெரிய தாளில் வட்டம் வரைந்து, அதைப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்து, குறுகிய நிழல், முதல் தளிர், ஈரம் ஏறிய வாரம், பறவை வந்த நாள் என ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மிக நீண்ட பகலும் மிக வெப்பமான நாளும் பெரும்பாலும் ஒன்றாக அமையவில்லை என்பதை முதலில் காண்பீர்கள். நிலமும் நீரும் சூடேறவும் ஆறவும் நேரம் எடுத்துக்கொள்வதால் வெப்பம் வாரக்கணக்கில் பின்தங்கியே வருகிறது. மேகமும் மழையும் குறுக்கிடும் இடங்களில் அது முந்தியும் வரலாம்.

ஓராண்டுக்கு எத்தனை பருவங்கள் என்பது இயற்கை வகுத்த எண் அன்று. நான்கு என்று சொல்பவர்கள் உண்டு. மழை, வறட்சி என்று இரண்டாகக் காண்பவர்கள் உண்டு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பகுத்தது தமிழ். பனியை முன், பின் என்றும், வேனிலை இளமை, முதுமை என்றும் பிரித்த அந்தக் கண், தொடக்கமும் முடிவும் ஒரே பருவத்தின் இரு முகங்கள் என்பதைக் கவனித்திருக்கிறது. உங்கள் வட்டத்தில் குறிகள் எங்கே நெருங்கிக் கிடக்கின்றனவோ அங்கே ஒரு கோடு போடுங்கள். ஐந்து பகுதிகள் வரலாம், ஏழும் வரலாம். ‘வெயில் அலமாரியைத் தொடும் வாரங்கள்’ என்பதும் ஒரு பருவத்தின் பெயராக இருக்கத் தகுதியுடையதே.

விடுபட்ட நாள்களைப் பற்றி

விடுபடும். பயணம், காய்ச்சல், வெறும் சோம்பல் ஆகிய எல்லாமே வரும். அந்தப் பட்டைகளை வெற்றாகவே விட்டுவிடுங்கள். நினைவிலிருந்து நிரப்ப வேண்டாம், ஏனென்றால் அப்படி நிரப்பிய ஒரு வரி உண்மையான நூறு வரிகளின்மீதும் ஐயத்தை உண்டாக்கும். பிறர் சொன்னதை எழுதினால், கேட்டறிந்தது என்ற பொருளில் ‘கேள்வி’ என்று பக்கத்தில் குறியிடுங்கள். குச்சி மாறினாலோ, மழைமானி இடம் பெயர்ந்தாலோ, நீங்கள் வேறு வீட்டுக்கே போனாலோ, அந்தத் தேதியையும் மாற்றத்தையும் பிப்ரவரி 29க்கான பக்கத்தில் எழுதி வையுங்கள். ஐந்தாண்டுகளில் அந்த நாள் ஒருமுறையோ இருமுறையோதான் வரும். மற்றப் பட்டைகள் இதற்காகவே காலியாக இருக்கின்றன.